பழைய மின்கிதார் உடற்பகுதியை அடையாளம் காணல்

பழைய மின்கிதார் ஒன்றின் மாதிரி, தயாரிக்கப்பட்ட நாடு, காலம் ஆகியவற்றை அதன் மர உடற்பகுதியை மட்டும் கொண்டு கண்டறிவது ஒரு தனித்திறன் ஆகும். பெரும்பாலான கிதார்களில் நிறுவனப் பெயர் கழுத்தின் தலைப்பகுதியிலேயே இருக்கும். கழுத்து தொலைந்துவிட்டால் பெயரும் போய்விடும். ஒரே வடிவத்தில் அசலும் நகலும் கிடைப்பதாலும், இரண்டின் விலைக்கும் பெரும் வேறுபாடு இருப்பதாலும், வாங்குபவர் ஏமாறாமல் இருக்க இந்த அறிவு தேவைப்படுகிறது. மிகுதியாக நகலெடுக்கப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இம்மாதிரி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள புல்லர்டன் நகரில் 1954இல் தயாரிக்கப்படத் தொடங்கியது.

கழுத்து இணைப்பு

முதலில் பார்க்க வேண்டியது கழுத்து பொருந்தும் இடம். ஃபெண்டர் கிதார்களில் கழுத்து திருகாணிகளால் இணைக்கப்படும். கிப்சன் லெஸ் பால் போன்றவற்றில் அது பசையிட்டு ஒட்டப்படும். எனவே நான்கு திருகாணித் துளைகள் கொண்ட உடற்பகுதி வழக்கமான லெஸ் பால் மாதிரியாக இருக்க வாய்ப்பில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 1971 முதல் ஏறத்தாழ 1981 வரை மூன்று திருகாணி இணைப்பு வழக்கில் இருந்தது. ஆகவே மூன்று துளைகள் இருந்தால் 1950, 1960களின் அசல் என்ற கூற்றை ஏற்க முடியாது.

மரமும் தடிமனும்

தொடக்ககால ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆஷ் மரத்தால் ஆனவை. 1956ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலான நிறங்களுக்கு ஆல்டர் மரம் பயன்பட்டது. மர இழைகள் தெரியும் வெளிர்மஞ்சள் பூச்சுக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. ஜப்பானியத் தயாரிப்புகள் பலவற்றில் பாஸ்வுட் மரம் காணப்படும். குழிகளின் உட்சுவரில் அடுக்கடுக்கான கோடுகள் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. அது மலிவு விலை நகல் என்பதற்கு வலுவான சான்று. அசலின் தடிமன் ஏறத்தாழ 1¾ அங்குலம் (சுமார் 44 மி.மீ.). நகல்கள் பல இதைவிட மெல்லியவை.

துளைகளும் குழிகளும்

பிக்கப்புகளை மூடும் பிளாஸ்டிக் தகட்டுக்கு 1959 வரை 8 திருகாணிகள் இருந்தன. அதன்பின் 11 ஆயின. பிரிட்ஜைத் தாங்கும் ஆறு திருகாணிகளில் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையிலான தொலைவு பழைய அமெரிக்க மாதிரிகளில் சுமார் 56 மி.மீ. ஆசிய நகல்கள் பலவற்றில் இது 52.5 மி.மீ. பிற்கால மெக்சிக்கத் தயாரிப்புகள் சிலவற்றிலும் இந்தக் குறைந்த அளவு உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து நகல் என்று தீர்ப்புக் கூறலாகாது. மூன்று பிக்கப்புகளுக்கும் தனித்தனிக் குழிகள் இல்லாமல் ஒரே பெரிய குழி இருந்தால், அது பிற்காலத் தயாரிப்பாகவோ பின்னர் குடையப்பட்டதாகவோ இருக்கும்.

எண்களும் குறியீடுகளும்

1950களின் நடுப்பகுதி முதல் 1976 வரை ஃபெண்டர் வரிசை எண் கழுத்தின் பின்புற உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டது. அத்தகட்டை எந்த உடற்பகுதியிலும் திருகிவிடலாம் என்பதால் அது தனித்துச் சான்றாகாது.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பொட்டன்சியோமீட்டர்கள் எஞ்சியிருந்தால் அவற்றின் முதுகில் உள்ள எண்ணைப் படிக்கலாம். 3046320 என்ற எண்ணில் 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தையும், 63 என்பது 1963ஆம் ஆண்டையும், 20 என்பது அவ்வாண்டின் 20ஆவது வாரத்தையும் குறிக்கும். 137 என்று தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு. பற்றாசு கலைக்கப்படாமல் இருந்தால், கிதார் அந்த வாரத்துக்கு முன் முழுமை பெற்றிருக்க முடியாது என்று உறுதி கூறலாம். ஆனால் பாகங்கள் கிடங்கில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதே வாரத்தில்தான் செய்யப்பட்டது என்று கூற முடியாது.

பெயரும் பிறப்பிடமும்

ஒரு பெயர் ஒரே நாட்டைக் குறிப்பதில்லை. ஃபெண்டர் கிதார்கள் 1982 முதல் ஜப்பானிலும், பின்னர் மெக்சிக்கோவின் என்செனாடா நகரிலும் தயாரிக்கப்பட்டன. மாறாக, 1960களில் டெய்ஸ்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் செய்த கிதார்கள் இறக்குமதியாளர்களின் வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்டன. அத்தகையவற்றில் பெயரைவிட, குழிகளின் வடிவமும் உலோகப் பாகங்களுமே தயாரிப்பாளரை அடையாளம் காட்டும்.

சான்றுகளை எடைபோடுதல்

பழைய அடையாளம் ஒன்று இருப்பதாலேயே பொருள் பழையதாகிவிடாது. 1982 முதல் ஃபெண்டரே தன் 1957, 1962ஆம் ஆண்டு மாதிரிகளை மீண்டும் தயாரித்தது. 8 துளைகள் அந்த மறுபதிப்பிலும் உண்டு. ஆனால் காலத்துக்கு ஒவ்வாத ஓர் அடையாளம், அது பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றம் அல்ல என்று தெரிந்தால், கூறப்படும் காலத்தைத் தகர்த்துவிடும். எனவே முதலில் பொருந்தாதவற்றைத் தேட வேண்டும். எஞ்சும் முடிவை மரம், அளவு, துளை, பூச்சு, மின்பாகம் ஆகிய அனைத்தும் ஒருசேர ஆதரிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஆய்வு முடியும்வரை உடற்பகுதியைத் தேய்ப்பதோ வண்ணம் பூசுவதோ கூடாது. குழிக்குள் பென்சிலால் எழுதிய தேதி, பழைய பூச்சு, கம்பி உறை ஆகியவை ஒருமுறை அழிந்தால் மீளாது. அசல் பூச்சு தேய்ந்திருந்தாலும், அதை நீக்கிப் புதிதாகப் பூசினால் பழைய கிதாரின் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.