பம்புசெட் மோட்டார் ஓட மறுக்கிறதா? காரணம் காணும் முறை

கெலவரப்பள்ளி அணையின் இடது, வலது கால்வாய்களில் தண்ணீர் ஓடும் நாட்களில் கிணற்று மோட்டாரைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. கால்வாய் அடைபட்டதும் தக்காளி, முட்டைகோசு, பீன்ஸ், ரோஜா என எல்லாப் பயிரும் மோட்டாரையே நம்பி நிற்கின்றன. அந்த வேளையில் மோட்டார் எரிந்துவிட்டால், காயில் கட்டி வாங்கிவரச் சில நாட்கள் பிடிக்கும். பூத்து நிற்கும் தக்காளிக்கு அத்தனை நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பூ உதிர்ந்துவிடும்.

கெலவரப்பள்ளிக்கு அருகே அரை ஏக்கர் தக்காளி பயிரிட்ட விவசாயி ஒருவரின் கிணற்றில் 5 குதிரைத் திறன் மோட்டார் இருந்தது. அது கால் மணி நேரம் ஓடும். பிறகு ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே டிரிப் ஆகி நின்றுவிடும். சற்று ஆறவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். "ரிலே கெட்டுப்போச்சு சார், அதனால டைரக்டா வயர் குடுத்துட்டேன்" என்றார் அவர். மறுநாளே மோட்டார் எரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது ரிலேயில் ஒரு குறையும் இல்லை. மெயின் சுவிட்சில் இருந்த மூன்று பியூஸ் கேரியர்களில் ஒன்றின் பித்தளைப் பிடி தளர்ந்து கறுத்திருந்தது. மோட்டார் ஓடிச் சூடேறியதும் அந்தப் பிடியில் தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பியூஸ் கேரியரை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய குறை, மோட்டாரையும் பாதிப் பயிரையும் கொண்டுபோயிற்று.

ரிலே செய்யும் வேலை

மும்முனை மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு முனை வராமல் போனால் அது உடனே நிற்பதில்லை. மீதி இரண்டு முனைகளில் ஏறத்தாழ 1.73 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, உறுமியபடி ஓடும். நின்றிருக்கும் மோட்டாராக இருந்தால் சுழலாமல் உறுமும். எரிந்த மோட்டாரைப் பிரித்தால் சில காயில்கள் மட்டும் கருகி, மற்றவை கருகாமல் இருப்பதைக் காணலாம். ஒரு முனை இல்லாமல் ஓடியதற்கு அதுவே அடையாளம்.

ஸ்டார்ட்டரில் உள்ள நோ-வோல்ட் காயில் மோட்டாரைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். அது இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டில் ஒன்று போனால் ஸ்டார்ட்டர் விடுபடும். மூன்றாவது முனை போனால் அதற்குத் தெரியாது. அப்போது மோட்டாரைக் காப்பது ரிலே ஒன்றுதான். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரிலே டிரிப் ஆனால் காரணம் காணாமல் இயந்திரத்தை மறுபடி ஓட்டக்கூடாது என்பதே அங்கு முறை. நம் கிணற்று மேட்டிலும் அந்த முறையே வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

எதைத் தொடும் முன்பும் மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கேரியர்களையும் கழற்றி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்போருக்கு இது மிக அவசியம். மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானே ஓடத் தொடங்கிவிடும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்காதீர்கள். டிரான்ஸ்பார்மரிலும் மின்கம்பத்திலும் உள்ள பியூஸ் லைன்மேனின் வேலை. அதை நாம் தொடக்கூடாது.

வரிசையாகப் பாருங்கள்

1. மின்சாரம்: பலகையில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகள் மூன்றும் ஒரே அளவில் எரிகின்றனவா? ஒன்று மங்கினாலோ அணைந்தாலோ மோட்டாரைப் போடாதீர்கள். வோல்ட் மீட்டர் 415 அளவில் இருக்க வேண்டும். 370க்குக் கீழே இருந்தால் மின்னழுத்தம் கூடும்வரை பொறுத்திருப்பது நல்லது. முனைமாற்றி சுவிட்ச் இல்லாத வோல்ட் மீட்டர் இரண்டு முனைகளின் அளவையே காட்டும். ஆகவே அது சரியாக இருப்பதால் மூன்றாவது முனையும் வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

2. டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள்: மோட்டார் ஓடும்போது ஒரு பியூஸ் போனாலும், மற்ற முனைகளிலிருந்து மோட்டாரின் காயில் வழியே மின்சாரம் திரும்பி வரும். அதனால் போன பியூஸின் மறுபக்கத்திலும் டெஸ்டர் எரியும். மின்னழுத்தம் குறைந்திருந்தாலும் அது எரியும். முனைக்கு முனை மின்னழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அதற்கு வயர்மேனை அழையுங்கள்.

3. பியூஸ்: மெயினை நிறுத்திய பின் ஒவ்வொரு கேரியராகப் பாருங்கள். கம்பி அறுந்துள்ளதா, திருகு தளர்ந்துள்ளதா, பிடி கறுத்துள்ளதா, பீங்கான் வெடித்துள்ளதா என்று கவனியுங்கள். மூன்றிலும் ஒரே தடிமனுள்ள பியூஸ் கம்பியே இருத்தல் வேண்டும். வயரிலிருந்து உரித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போடுவது மோட்டாருக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து.

4. ஸ்டார்ட்டர்: கர்ரென்று அதிர்ந்தால் மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம், அல்லது காந்த முகத்தில் தூசி படிந்திருக்கலாம். எறும்பும் பல்லியும் உள்ளே புகுந்து காண்டாக்டுகளுக்கு இடையே சிக்குவது நாம் அடிக்கடி காண்பதுதான். உலர்ந்த தூரிகையால் துடைத்து, வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். காண்டாக்டு குழி விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

5. ரிலே அளவு: மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு ஏற்ப ரிலே இருக்கிறதா என்று வயர்மேனைக் கொண்டு பாருங்கள். 5 குதிரைத் திறன் மோட்டாருக்கு இது பொதுவாக 7.5 ஆம்பியர் அளவில் இருக்கும். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சற்றுக் கூடும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அளவைக் கூட்டி வைத்தால் ரிலே இருந்தும் பயனில்லை.

6. பம்பு: கிணற்று மேட்டு மோட்டாரானால், மெயினை நிறுத்திவிட்டு அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் குறை மின்சாரத்தில் இல்லை. பேரிங் தேய்ந்திருக்கலாம், பம்புக்குள் கல் சிக்கியிருக்கலாம், அல்லது கிளாண்ட் கயிறு அதிகமாக இறுக்கப்பட்டிருக்கலாம். கிளாண்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் இறுக்கம் சரி என்று கொள்ளலாம்.

7. மோட்டார்: மேற்கண்ட ஆறும் சரியாக இருந்தும் ரிலே டிரிப் ஆனால் மெகர் கருவியால் காயிலைச் சோதிக்க வேண்டும். அளவு 1 மெகா ஓமுக்குக் கீழ் இருந்தால் ஈரம் ஏறியிருக்கலாம், அல்லது காயில் பழுதாகியிருக்கலாம். ஈரம் மட்டுமானால் உலர்த்தியே மோட்டாரைக் காப்பாற்றிவிடலாம்.

லைன் வேலை நடந்த பிறகு மோட்டார் ஓடியும் தண்ணீர் குறைவாக வந்தால், அது திருப்பிச் சுற்றுகிறது என்று பொருள். ஏதேனும் இரண்டு முனைகளை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஒரு முறைக்கு மேல் வேண்டாம்

ரிலே டிரிப் ஆனால் சில நிமிடம் ஆறவிட்டு, முதல் நான்கு இனங்களையும் பார்த்த பிறகு ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். மறுபடி டிரிப் ஆனால் அன்று நிறுத்திவிட்டு வயர்மேனை அழைத்து வாருங்கள். முனை போனால் மோட்டாரை நிறுத்தும் தடுப்பான் கருவி ஒன்றையும் பொருத்திக்கொள்ளலாம்.

மும்முனை வராத நேரத்தில் கண்டென்சர் வைத்து இருமுனையில் மோட்டாரை ஓட்டுவதைக் கட்டாயம் கைவிட வேண்டும். தமிழகத்தில் 1990ஆம் ஆண்டு முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவு முழுவதும் நம்முடையது.

மோட்டார் நன்றாக ஓடும் நாளிலேயே வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். பிறகு ஒரு நாள் ஆம்பியர் கூடிக் காட்டினால் எரியும் முன்பே தெரிந்துவிடும். கோடையில் எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வாருங்கள். மோட்டார் மிகப் பழையதாக இருந்தால், புதிது வாங்க மானியம் உள்ளதா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

கால்வாய் அடைபடுவதற்கு முன்பே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, பியூஸ் கேரியர்களைக் கழற்றிப் பார்த்துத் திருகுகளை முடுக்கிவிட்டால் கோடைப் பயிரைக் கவலையின்றிக் கரை சேர்க்கலாம்.