ஏற்றமும் சிறு டிராக்டரும்

சித்தூருக்கு அருகில், பாகுதா ஆற்றங்கரையில் அமைந்த ஊர் காணிப்பாக்கம். இங்குள்ள விநாயகர் கோயிலின் தலவரலாறு ஒரு கிணற்றில் தொடங்குகிறது. கண், செவி, வாய் என ஆளுக்கொரு புலன் குறைந்த உடன்பிறந்தார் மூவர் ஏற்றம் இறைத்துப் பயிர்செய்து வந்தனர். கிணறு வற்றியபோது அதனை ஆழப்படுத்தினர். அப்போது அவர்களது கருவி ஒரு கல்லின்மீது பட்டது. அக்கல்லே விநாயகர் திருவுருவம் என்பது அவ்வரலாறு. ஊர்ப்பெயரின் முதலில் நிற்கும் ‘காணி’ என்னும் சொல் நிலத்தைக் குறிக்கும். அது ஒரு நில அளவும் ஆகும். ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர்.

ஏற்றம் என்பது ஒரு நெம்புகோல். தெலுங்கில் இதனை ‘ஏதமு’ என்பர். நட்ட தூணின்மேல் நீண்ட துலாமரம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒரு முனையில் நீர்ச்சால் தொங்கும். மறுமுனையில் பாரக்கல் இருக்கும், அல்லது மரத்தின்மேல் ஆள் நடப்பார். பின்முனையில் தக்க பாரம் இருந்தால்தான் முன்முனையில் நீர் எழும். இன்று ஏற்றம் மறைந்துவிட்டது. அதன் விதி மறையவில்லை. முன்புற லோடர் பூட்டிய சிறு டிராக்டரை வாங்க எண்ணுவோர் முதலில் அறிய வேண்டியது அவ்விதியே.

வேலையை எண்ணுக

இவ்வட்டாரத்தில் மாவும் கரும்பும் நிலக்கடலையும் விளைகின்றன. கறவை மாடு வளர்ப்போரும் பலர். மூன்று காணி நிலமும் நான்கு மாடுகளும் உடைய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கொட்டகை எருவை அள்ளிக் குழியில் சேர்த்தல், மழை அரித்த வண்டிப்பாதையில் மண்ணிட்டு நிரவுதல், மாமரங்களைக் கவாத்துச் செய்தபின் வெட்டிய கிளைகளை அகற்றுதல் ஆகியன லோடருக்கு ஏற்ற வேலைகள். பாறையைப் பெயர்த்தல், அடிமரத்தை வேரோடு தோண்டுதல் ஆகியன அதற்கு ஏற்றவை அல்ல. சிறு டிராக்டரின் லோடர் அள்ளும் கருவி. தோண்டும் கருவி அன்று. கெட்டித் தரையில் அதனை மோதினால் அதன் கைகள் வளையக்கூடும், முன்னச்சும் பழுதுபடும். அத்தகைய வேலைக்குச் சில மணி நேரம் ஜே.சி.பி.யை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம்.

கடைக்குச் செல்வோர் முதலில் கேட்பது, “எத்தனை குதிரைத்திறன்?” என்பதே. மகிந்திரா நிறுவனத்தின் யுவராஜ் 215 என்னும் சிறு டிராக்டர் 15 குதிரைத்திறன் உடையது. பெங்களூருவின் வி.எஸ்.டி., ராஜ்கோட்டின் கேப்டன் முதலிய நிறுவனங்களும் சிறு டிராக்டர்களைச் செய்கின்றன. இவை அகலம் குறைந்தவை. ஆதலால் பயிர் வரிசைகளுக்கு இடையிலும் தாழ்ந்த மாங்கிளைகளுக்கு அடியிலும் எளிதில் செல்லும். எனினும் குதிரைத்திறன் இழுக்கும் ஆற்றலையும் கருவிகளைச் சுழற்றும் ஆற்றலையுமே முதன்மையாகக் காட்டும். முன்னே எவ்வளவு சுமையை ஏந்தலாம் என்பதை டிராக்டரின் எடையும் முன்னச்சின் வலிமையுமே முடிவுசெய்கின்றன. எல்லாச் சிறு டிராக்டர்களும் லோடர் பூட்டத் தகுந்தவை அல்ல. அந்த மாதிரிக்கு லோடர் பூட்டலாம் என்று அதனைச் செய்த நிறுவனமே எழுத்தில் கூறியிருக்க வேண்டும்.

நெம்புகோல் கணக்கு

பக்கெட் என்று வழங்கும் வாளி ஒன்றே. அதில் ஏறும் பொருளின் எடை வேறு வேறு. 0.2 கன மீட்டர் கொள்ளும் வாளியில் ஈரமண் நிறைந்தால் 300 கிலோவைக் கடந்துவிடும். காய்ந்த எருவாயின் அதில் பாதியும் இராது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 1.5 மீட்டர் தொலைவு. 300 கிலோ சுமை, முன்னச்சிலிருந்து 1.2 மீட்டர் முன்னே நிற்கிறது. இங்கு முன்னச்சே ஏற்றத்தின் தூண். 300 × 1.2 ÷ 1.5 = 240. அதாவது, பின்சக்கரங்களின் மேலிருந்த பாரத்தில் 240 கிலோ குறைகிறது. முன்னச்சின்மேலோ 300 + 240 = 540 கிலோ கூடுகிறது.

இதனால் விளையும் தீங்கு யாது? சிறு டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. பாரம் குறைந்த சக்கரம் தரையைப் பற்றாது. எனவே சரிவில் பிரேக்கை மிதித்தாலும் வண்டி நில்லாது வழுக்கும். முன்னச்சும் நாளடைவில் தளரும்.

தீர்வும் ஏற்றத்திலேயே உள்ளது. பின்னச்சுக்கு 0.75 மீட்டர் பின்னே, மும்முனை இணைப்பில் 200 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் பின்சக்கரங்களின்மேல் 300 கிலோ கூடும். முன்னச்சின் சுமையில் 100 கிலோ குறையும். இதற்காகவே லோடர் வேலையின்போது பின்னால் எடைப்பெட்டியைப் பூட்டுவர். நான்கு சக்கர இயக்கமுடைய டிராக்டருக்கு முன்னச்சு பெரும்பாலும் வலிமையாக அமைந்திருக்கும். சேற்றிலும் நன்கு இழுக்கும். லோடர் வேண்டுவோர் அதனைத் தேர்ந்தெடுப்பதே நன்று.

உயிர்க்காப்பு

வாளியை உயர்த்த உயர்த்த டிராக்டரின் ஈர்ப்பு மையமும் உயரும். சிறு மேட்டில் ஒரு சக்கரம் ஏறினாலும் வண்டி கவிழக்கூடும். ஆதலால் சுமையுடன் செல்லும்போது வாளி தரையை ஒட்டியே இருத்தல் வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே இரும்புக் காப்புச் சட்டகமும் இருக்கைப் பட்டையும் உள்ள டிராக்டரையே தெரிவுசெய்க. சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்குக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கு டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது.

மாணவர்களே, இப்பகுதி உங்களுக்கும் உரியது. மாங்காய் பறிப்பதற்காக ஆளை வாளியில் ஏற்றி உயர்த்துவது கொடிய பிழை. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் வாளி நொடியில் கீழே விழும். மட்கார்டின்மீது சிறுவர்கள் அமர்ந்து செல்வதும் அத்தகையதே. உங்கள் வீட்டார் அன்பால் இசைந்தாலும் நீங்கள் மறுத்துவிடுங்கள்.

வாங்குவதா, வாடகையா?

கடன் வட்டி, காப்பீடு, தேய்மானம், பழுதுபார்ப்பு ஆகியவற்றின் ஆண்டுச் செலவைக் கூட்டி, இயந்திரம் உழைக்கும் மணிகளால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆண்டுச் செலவு 80,000 ரூபாய் எனக் கொள்வோம். 40 மணி நேரமே வேலை இருப்பின், மணிக்கு 2,000 ரூபாய் ஆகும். உழவு, எரு ஏற்றுதல், மருந்து தெளித்தல் எனச் சேர்ந்து 400 மணி நேரம் உழைத்தால், மணிக்கு 200 ரூபாய்தான். டீசலும் ஓட்டுநர் கூலியும் தனி. இத்தொகையை ஊரில் நிலவும் வாடகையோடு ஒப்பிட்டால் விடை தானே தெரியும். வேலை குறைவாயின் வாடகைக்கு எடுக்கலாம். பக்கத்து நிலத்தார் இருவர் மூவர் சேர்ந்தும் வாங்கலாம். நடுவண் அரசு 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், வாடகை இயந்திர மையங்கள் அமைக்க மானியம் வழங்க வகைசெய்தது.

உதிரிப்பாகம் அருகிலுள்ள நகரில் கிடைக்குமா என்பதையும் கேட்டறிக. விலை பேசுமுன், வாளி நிறைய மண்ணுடன் தம் நிலத்துச் சரிவிலேயே ஓட்டிக்காட்டச் சொல்வது அறிவுடைமை. முன்னே ஏந்தும் சுமைக்குப் பின்னே பாரம் வேண்டும். வாங்கும் கடனுக்குப் பின்னே வருவாய் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

சால் – நீர் இறைக்கும் கலம்
துலா – ஏற்றத்தின் நெடுமரம்
நிரவுதல் – சமப்படுத்துதல்
கவாத்து – வேண்டாத கிளைகளை வெட்டுதல்

பயிற்சி

1. ஏற்றத்திற்கும் லோடர் பூட்டிய டிராக்டருக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
2. வாளியில் 150 கிலோ எரு மட்டும் இருப்பின், பின்சக்கரங்களின் பாரம் எவ்வளவு குறையும்? பாடத்திலுள்ள அளவுகளைக் கொண்டு கணக்கிடுக.
3. பிரித்து எழுதுக: முன்னச்சு, பாரக்கல், மாங்கிளை.
4. உங்கள் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் வேளாண் கருவிகளைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.