இறக்கத்தில் கை கொடுக்கும் பிரேக்
சைக்கிள் டிஸ்க் பிரேக்கைப் பார்த்துக்கொள்வது எப்படி?

எமது தோட்டங்களில் இப்போது சைக்கிள்கள் கூடிவிட்டன. 2022ஆம் ஆண்டு பெற்றோல், டீசல் தட்டுப்பாட்டில் ஆட்டோவும் பஸ்ஸும் நின்றபோது, பலர் சைக்கிள் பக்கம் திரும்பினார்கள். அப்போது வாங்கியது, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தது, பழசாக வாங்கியது என்று லயத்து வாசல்களில் நிற்பவற்றில் பல கியர் சைக்கிள்கள். அவற்றில் நிறைய டிஸ்க் பிரேக் போட்டவை.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர். எந்தப் பக்கம் போனாலும் ஏத்தம், இறக்கம், முடக்குதான். சமதரையில் பிரேக் பிடிக்காவிட்டால் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். நமது மலையில் அது நடக்காது. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி நடந்த பஸ் விபத்தில் ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. இந்த இறக்கங்கள் பெரிய வாகனம், சின்ன வாகனம் என்று பார்ப்பதில்லை.

டிஸ்க் பிரேக் என்பது என்ன?

பழைய சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும். மழையில் ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தின் நடுவில் ஓர் இரும்புத் தட்டு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன பேட்கள். லீவரை அழுத்தினால் பேட்கள் தட்டை இறுக்கிப் பிடிக்கும். 1902ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் மோட்டார் காருக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று அதே முறை சைக்கிளுக்கும் வந்திருக்கிறது. தட்டு ரோட்டுக்கு உயரத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் அதில் குறைவாகவே படும். நமது மழைக்கு இது நல்ல பிரேக்.

இதில் இரண்டு வகை. லீவரிலிருந்து கம்பி வயர் போனால் வயர் பிரேக். வயருக்குப் பதிலாகக் குழாயில் எண்ணெய் போனால் எண்ணெய் பிரேக். உங்களுடையது எது என்று முதலில் பார்த்து வையுங்கள்.

தட்டுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது

ஒரு டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறோம். மகனின் சைக்கிள் பிரேக் 'கீச்' என்று கத்துகிறது என்று தகப்பனார் தட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டார். சத்தம் நின்றது. பிரேக்கும் போனது. மறுநாள் காலை பாடசாலைக்கு இறங்கிய பையன் முடக்கில் நிறுத்த முடியாமல் தேயிலைக்குள் போய் விழுந்தான். செடிகள் தாங்கியதால் கை முறிவோடு தப்பினான். தகப்பனார் செய்தது அக்கறையில்தான். விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எண்ணெய் போட வேண்டிய இடம் செயின். அதையும் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்பிரே அடிப்பதென்றால் தட்டைப் பொலித்தீனால் மூடிக்கொள்ளுங்கள். தட்டில் விரல் வைத்தால்கூட கை எண்ணெய் ஒட்டும். தட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் அல்கஹோல் நல்லது. கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிச் சுத்தமான துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய், டீசல் வேண்டாம், அவை எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடும். எண்ணெய் ஊறிய பேட்டை மாற்றத்தான் வேண்டும். நெருப்பில் வாட்டிப் பார்க்காதீர்கள்.

கோளாறும் பரிகாரமும்

சத்தம்: மழையிலும் பனியிலும் தட்டு நனைந்து, முதல் இரண்டு மூன்று பிடிக்குக் கத்தினால் பயமில்லை. காய்ந்த பிறகும் கத்தினால் எண்ணெய் பட்டிருக்கலாம், பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது போல்ட் தளர்ந்திருக்கலாம்.

லீவர் கைப்பிடி வரைக்கும் வருவது: முதலில் பேட்டைப் பாருங்கள். இரும்பு முதுகை விட்டுவிட்டு, தேயும் பகுதி 1 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். பேட் நல்லதாக இருந்து, வயர் பிரேக்காகவும் இருந்தால், பேட்டை உள்ளே தள்ளும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் தட்டுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். வயரை மட்டும் இழுத்து இறுக்குவது சரியல்ல. எண்ணெய் பிரேக்கில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. அதைத் தெரிந்த சைக்கிள் கடையில் கொடுத்துக் காற்றெடுங்கள். மினரல் எண்ணெய் ஊற்ற வேண்டிய பிரேக்குக்கு மோட்டார் சைக்கிள் பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிடும்.

பேட் உரசுவது: முதலில் சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்குங்கள். பிரேக் தானாக நடுவுக்கு வரும். சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் உரசினால் தட்டு வளைந்திருக்கிறது. அதைக் கடையில் நிமிர்த்துங்கள்.

சக்கரத்தைக் கழற்றினால்: எண்ணெய் பிரேக்கின் லீவரை அழுத்தவே கூடாது. பேட்கள் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மட்டைத் துண்டு ஒன்று செருகி வையுங்கள். சைக்கிளைத் தலைகீழாக வைத்து வேலை பார்த்தால், நிமிர்த்திய பிறகு லீவரை நாலைந்து தரம் அழுத்திப் பார்த்தே ஏறுங்கள்.

சின்னப் பிள்ளைகள் கவனம்: சுற்றும் தட்டில் விரல் விட்டால் விரல் துண்டாகிவிடும். இறக்கம் இறங்கி வந்த தட்டு தோலைச் சுட்டுவிடும்.

இறக்கத்தில் ஓட்டும் முறை

மேலிருந்து கீழ் வரை பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் தட்டு கொதிக்கும், பிடி குறையும். முடக்குக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். குறைந்ததும் விடுங்கள். மறுபடி வேகம் கூடினால் மறுபடி பிடியுங்கள். ஈரத்திலும் மண்ணிலும் முன் பிரேக்கைத் திடீரென்று இழுக்கக் கூடாது. நீண்ட இறக்கத்தில் பாதி வழியில் நின்று தட்டை ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு வளைந்துவிடும்.

புதுப் பேட் போட்டால் முதல் நாளே இறக்கத்தில் போகாதீர்கள். பிரட்டுக்களம் மாதிரி சமமான இடத்தில் ஓட்டி, இருபது தரமாவது மெதுவாக நிறுத்திப் பழக்குங்கள். அப்போதுதான் பேட்டும் தட்டும் ஒன்றுக்கொன்று சேரும்.

வாரம் ஒரு தடவை

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போதும். பேட் கனம், வயர் நூல் பிரிந்திருக்கிறதா, தட்டின் போல்ட்டுகள், லீவர் எவ்வளவு தூரம் வருகிறது, இவற்றைப் பாருங்கள். மழைக்காலத்தில் வாரம் இரண்டு தடவை பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் எத்தனை ரோட்டுகளில் மண் சரிந்தது என்று கண்டோம். அப்படி மண்ணும் மணலும் கிடக்கும் ரோட்டில் ஓடினால் பேட் சீக்கிரம் தேயும்.

காலையில் ஏறுவதற்கு முன் சைக்கிளை வாசலில் நிறுத்தி, முன் லீவரை அழுத்தி முன்னால் தள்ளுங்கள். பிறகு பின் லீவரை அழுத்தித் தள்ளுங்கள். சக்கரம் உருண்டால் அன்று ஏற வேண்டாம், தள்ளிக்கொண்டு நடந்து போங்கள். பிரட்டுக்குப் பிந்தினால் அரைப் பேர் போகலாம், கங்காணியிடம் இரண்டு வார்த்தை கேட்கலாம். அதை மறுநாள் வேலை செய்து ஈடு கட்டிவிடலாம்.