முதல் ஓடரும் திரும்பி வந்த பொதிகளும்

வெளியாரிடம் முதலீடு பெறாமல், கையிலுள்ள சேமிப்பையும் விற்று வரும் பணத்தையும் மட்டும் கொண்டு நடத்துவது சுயமுதல் வியாபாரம். 1996 இல் ஆரம்பமான சோஹோ மென்பொருள் நிறுவனமும் வெளி முதலீட்டாளர்களின் பணமின்றியே வளர்ந்தது. இவ்வழியில் இலாபமும் நமது, நட்டமும் நமது. அதனால் மனமும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது.

நான் 2021 இல் 15,000 ரூபா சேமிப்புடன் முகநூலில் ஹிஜாப் விற்கத் தொடங்கினேன். துணி புறக்கோட்டையில் வாங்கியது; தையல் இயந்திரம் உம்மாவுடையது. முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து முதல் ஓடர் வந்த இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

பிறகு பொதிகள் திரும்பி வந்தன. நம் நாட்டில் இணையத்தில் வாங்குவோர் பலர், பொருள் கைக்கு வந்த பின்பே பணம் கொடுப்பர். அவர்கள் ஏற்க மறுத்தால் கூரியர் செலவு விற்றவர் தலையில் விழும். ஒரு ஹிஜாபில் எனக்கு மிஞ்சியது 200 ரூபா; திரும்பிய பொதி ஒன்றுக்குச் செலவு 400 ரூபா. ஒரே மாதத்தில் ஐந்து திரும்பின. "வியாபாரம் எப்படி மகள்?" என்று வாப்பா கேட்டபோது, "நல்லம்" என்று பொய் சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதேன்.

உம்மா கண்டுகொண்டார். ஒரு கொப்பியை நீட்டி, "எத்தன பொதி போச்சு, எத்தன திரும்பிச்சு? முதல்ல அத எழுது மகள்" என்றார்.

எழுதினேன். போனவை 20, திரும்பியவை 5. விற்ற பதினைந்தில் இலாபம் 3,000 ரூபா. திரும்பியவற்றால் நட்டம் 2,000 ரூபா. தோற்றுவிட்டேன் என்று அழுத மாதத்தில் 1,000 ரூபா மிஞ்சியிருந்தது! திரும்பிய ஐந்தில் நான்கு, நான் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்தாத ஓடர்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அன்று முதல் அழைத்துப் பேசாமல் பொதி அனுப்புவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் கண்டேன். 2022 நோன்புப் பெருநாளுக்கு முன் கையிருப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது, துள்ளிக் குதித்தேன். ஆனால் மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியிருந்தது. துணி விலையும் ஏறிவிட்டது. பழைய விலைக்கு விற்ற பணத்தில் முன்பு வாங்கிய அளவு துணியை வாங்க முடியவில்லை. அதிகம் மகிழ்ந்த மாதமே முதலைக் கரைத்த மாதம்.

தங்கைகளே, மகிழ்ச்சியும் கவலையும் வரத்தான் செய்யும். அவற்றை வைத்து வியாபாரத்தை அளக்காதீர்கள். பெற்றோரே, பிள்ளை "நல்லம்" என்று சொன்னாலும் அந்தக் கொப்பியை ஒருமுறை அவளுடன் அமர்ந்து பாருங்கள்.