சேற்றுக் குதிரையின் ஜாதகம்

பழைய மோட்டோகிராஸ் பைக்குகளுக்கு இன்று லட்சக்கணக்கில் விலை. ஆனால் வண்டி அசல்தானா, சொல்லப்படும் பந்தயத்தில் நிஜமாகவே ஓடியதா என்று கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை.

அதில் ஹெட்லைட் கிடையாது. ஹார்ன் கிடையாது. சாலையில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட வண்டியும் அல்ல. 1971-ல் தயாரான ஹஸ்க்வர்னா 400 கிராஸ் என்ற அந்த ஸ்வீடன் நாட்டு மோட்டார்சைக்கிளை போன்ஹாம்ஸ் நிறுவனம் 2011-ல் அமெரிக்காவில் ஏலம் விட்டபோது கிடைத்த தொகை 1,44,500 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 65 லட்ச ரூபாய். அதே வருடம், அதே தொழிற்சாலையில் தயாரான இன்னொரு 400 கிராஸ் இந்த விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகும். வித்தியாசம் இரும்பில் இல்லை. ஏலத்துக்கு வந்த வண்டியின் சொந்தக்காரராக இருந்தவர் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன்.

மிச்சப் பணம் முழுவதும் கதைக்குக் கொடுக்கப்பட்ட விலை. கதைக்கு விலை இருக்கும் இடத்தில் கதை கட்டுபவர்களும் வந்துவிடுவார்கள். அதனால்தான் பழைய பந்தய வண்டிகளின் சந்தையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அதன் ஜாதகத்தைப் பார்க்கிறார்கள்.

சாதாரண பைக் என்றால் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆர்.சி. புத்தகம் இருக்கும். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டுவிடலாம். மோட்டோகிராஸ் பைக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காட்டிலும் மேட்டிலும் சேற்றிலும் பந்தயம் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி அது. பொதுச்சாலையில் ஓடாத வண்டியைப் பதிவு செய்யும் அவசியம் எவருக்கும் வரவில்லை. தொழிற்சாலையிலிருந்து வேனில் ஏறிப் பந்தயத் திடலுக்குப் போய், அங்கிருந்து மறுபடி வேனில் ஏறியே வாழ்நாளைக் கழித்த வண்டிகள் பல.

அந்த வாழ்நாளும் லேசானதல்ல. 1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் ‘ஸ்கிராம்பிள்’ என்ற பெயரில் தொடங்கிய இந்த விளையாட்டு, 1957-ல் 500 சிசி பிரிவில் உலக சாம்பியன் பட்டம் வழங்கும் அளவுக்கு வளர்ந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டி விழும். ஃபிரேம் விரிசல் விடும். திங்கட்கிழமை வெல்டிங் வைப்பார்கள். எஞ்சின் வெடித்தால் வேறு எஞ்சின். போர்க் வளைந்தால் வேறு போர்க். கோயில் தேரின் பழைய மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்தாலும் ஊருக்கு அது அதே தேர்தான். பந்தய வண்டியும் அப்படித்தான். ஆனால் சந்தையில் கேட்கப்படும் கேள்வி கறாரானது: இதில் எது அன்றைக்கு ஓடியது?

பேரேட்டில் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு நல்ல பாடம் பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார். பி.எஸ்.ஏ. என்றால் தமிழர்களுக்கு அம்பத்தூரில் தயாரான சைக்கிள்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த மூன்றெழுத்தின் மூலவர் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற ஆங்கிலேய ஆயுதத் தொழிற்சாலை. 1937-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் பி.எஸ்.ஏ. வண்டியில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் சுற்றிவந்த வால்டர் ஹாண்ட்லிக்குத் தங்க நட்சத்திரச் சின்னம் கொடுத்தார்கள். வண்டிக்கும் அதுவே பெயராயிற்று. 1950களில் இங்கிலாந்தின் சேற்றுத் திடல்களை ஆண்டது கோல்ட் ஸ்டார். 1955-ல் ஜான் டிரேப்பர் பி.எஸ்.ஏ.யில் ஏறி 500 சிசி ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 1963-ல் கோல்ட் ஸ்டார் உற்பத்தி நின்றது. 2016-ல் பி.எஸ்.ஏ. பெயரை மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் வாங்கியது. 2024 ஆகஸ்ட் 15-ல் புதிய கோல்ட் ஸ்டார் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பெயருக்கு இவ்வளவு மவுசு இருக்கும்போது பழைய வண்டியின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

கோல்ட் ஸ்டார் வாங்கப் போகிறவர் முதலில் எதிர்கொள்ளும் விசித்திரம், எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இருக்காது என்பது. பிந்தைய 500 சிசி எஞ்சினில் டிபிடி34ஜிஎஸ் என்று தொடங்கும். ஃபிரேமில் சிபி32 என்று தொடங்கும். அதற்குப் பிறகு வரும் எண்களும் பொருந்தாது. தொழிற்சாலையிலேயே அப்படித்தான் செய்தார்கள். ஆகவே ‘இரண்டு எண்ணும் ஒன்று’ என்று பெருமையடிக்கும் விற்பனைக்காரரிடம்தான் கூடுதல் ஜாக்கிரதை தேவை.

எந்த எஞ்சின் எந்த ஃபிரேமில் ஏறியது என்ற ரகசியம் அனுப்புகைப் பேரேட்டில் இருக்கிறது. வண்டி தொழிற்சாலையை விட்டுப் போன நாள், எந்த டீலருக்குப் போனது என்ற விவரங்கள் அதில் பதிவாகியிருக்கும். பி.எஸ்.ஏ. நிறுவனம் 1973-ல் நொடித்துப் போன பிறகும் பேரேடுகள் பிழைத்தன. பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் அவற்றைக் காத்துவருகிறது. எண்களைக் கொடுத்தால் பதிவைத் தேடிச் சான்று தருகிறார்கள். பேரேட்டில் சேர்ந்திருக்கும் இரண்டு எண்கள் வண்டியிலும் சேர்ந்திருந்தால் முதல் தடை தாண்டியாயிற்று.

முதல் தடை மட்டும்தான். எண்ணைப் புதிதாகப் பஞ்ச் அடிக்கத் தெரிந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. எனவே எண்ணைப் படித்தால் போதாது, எண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் தொழிலாளி சுத்தியலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தது. வரிசை கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். அச்சுக் கோத்தது போல நேராக இருந்தால் சந்தேகம். எண்ணைச் சுற்றியுள்ள உலோகம் மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். அரம் போட்டு ராவியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ராவினாலும் பழைய எண் முழுவதும் அழிவதில்லை. பஞ்ச் விழும்போது அடியிலுள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேல்பரப்பைத் தேய்த்துவிட்டு அமிலக் கலவையைத் தடவினால், இறுகிய பகுதியும் இறுகாத பகுதியும் வெவ்வேறு விதமாக அரிபடும். மறைந்த எண் மங்கலாக மேலே வரும். திருட்டு வாகன வழக்குகளில் தடய அறிவியல் கூடங்கள் கையாளும் அதே உத்திதான் இது.

இரும்பின் வாக்குமூலம்

எண்ணுக்கு அடுத்து உடம்பு. கோல்ட் ஸ்டாருக்கு பி31, பி33 என்று சாதுவான தம்பிகள் உண்டு. வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கான வண்டிகள். விலை குறைவு, தோற்றத்தில் குடும்பச் சாயல். தம்பிக்கு அண்ணன் சட்டையைப் போட்டு விற்பது பழைய தந்திரம். இங்கே காட்டிக்கொடுப்பது ஃபிரேமின் வலதுபக்கக் கீழ்க்குழாய். ஆயில் பம்ப்புக்கு இடம் விடுவதற்காக கோல்ட் ஸ்டாரின் குழாயில் ஒரு நெளிவு இருக்கும். தம்பிகளுக்கு அது கிடையாது. ஆனால் குழாயைச் சூடாக்கி நெளிப்பது பெரிய வித்தையல்ல என்பதால், நெளிவு இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

உதிரி பாகங்களுக்கும் பிறந்த நாள் உண்டு. லூகாஸ் நிறுவனம் தன் மேக்னெட்டோக்களில் மாதத்தையும் வருடத்தையும் பொறித்தது. 1956-ல் பந்தயம் ஜெயித்த வண்டி என்று சொல்லிவிட்டு 1959 மேக்னெட்டோவைக் காட்டினால் விளக்கம் கேட்கத்தான் வேண்டும். பொய்யாகத்தான் இருக்கும் என்பதில்லை. பந்தய வண்டியில் மேக்னெட்டோ மாறுவது சகஜம். உண்மையில், எல்லாப் பாகமும் ஒரே மாதத் தேதியில் கச்சிதமாகப் பொருந்துகிற பந்தய வண்டிதான் நிபுணர்களை அதிகம் உறுத்தும்.

அவர்கள் தேடுவது காயங்களை. விரிசல் விட்ட இடத்தில் போட்ட பித்தளைப் பற்று, எடையைக் குறைக்கத் துளைத்த துளைகள், போல்ட் கழன்றுவிடாமல் கம்பி கட்டுவதற்கான சின்ன ஓட்டைகள், பந்தய எண் தகடு பொருத்திய அடையாளம், கீழே விழுந்து நிமிர்த்திய ஃபுட்ரெஸ்ட். ஒரு மெக்கானிக்கின் கைப்பழக்கம் இவற்றில் பதிந்திருக்கும். எண்ணைப் போலியாக அடிப்பது ஒரு மணி நேர வேலை. பத்து வருடப் பந்தயக் காயங்களைப் போலியாகச் செய்வது அவ்வளவு சுலபமில்லை.

யார் ஓட்டியது?

வண்டி அசல் என்று நிரூபிப்பது ஒன்று. அதை யார், எங்கே ஓட்டினார்கள் என்று நிரூபிப்பது வேறு. இங்கே ஆபத்தானது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. ஜெஃப் ஸ்மித் பி.எஸ்.ஏ.யின் பெரும் வீரர்; கோல்ட் ஸ்டார் ஓட்டியவர்; 1964, 1965-ல் 500 சிசி உலக சாம்பியன். மூன்றும் உண்மை. இவற்றைச் சேர்த்து ‘உலகப் பட்டம் வென்ற ஸ்மித்தின் கோல்ட் ஸ்டார்’ என்று யாராவது விற்க வந்தால் அது பொய். 1964-ல் அவர் ஜெயித்தது 420 சிசி கொண்ட இலகுவான வேறொரு வண்டியில். தேதிகளை அடுக்கிப் பார்த்தாலே பாதிக் கதைகள் விழுந்துவிடும்.

மெக்குவீன் விஷயத்திலும் இதே கதைதான். அவரிடம் ஒன்றல்ல, பல ஹஸ்க்வர்னாக்கள் இருந்தன. அவர் வைத்திருந்த வண்டி, 1971-ல் வந்த ‘ஆன் எனி சண்டே’ ஆவணப்படத்தில் தோன்றிய வண்டி, அவர் பந்தயத்தில் ஓட்டிய வண்டி ஆகிய மூன்றும் மூன்று தனித்தனி உரிமைகோரல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆதாரம் வேண்டும். பந்தயங்களில் ஹார்வி மஷ்மன் என்ற புனைபெயரிலும் அவர் கலந்துகொண்டார். முடிவுப் பட்டியலில் மெக்குவீன் என்ற பெயரை மட்டும் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பக்கூடும். அவர் 1980-ல் இறந்த பிறகு, 1984-ல் லாஸ் வேகஸில் அவருடைய உடைமைகள் ஏலம் போயின. அந்த ஏல ரசீதிலிருந்து இன்றைய சொந்தக்காரர்வரை கைமாறிய சங்கிலி அறுபடாமல் இருந்தால், அது எந்த நிபுணரின் சான்றிதழையும்விட கனமானது.

பெயர் பெறாத வீரர்களின் வண்டிகளுக்குப் பழைய பந்தய நிகழ்ச்சி நிரல்கள், ‘மோட்டார் சைக்கிள் நியூஸ்’ போன்ற வாரப் பத்திரிகைகள், 1960களில் பிபிசி ஒளிபரப்பிய ஸ்கிராம்பிள் படச்சுருள்கள் கைகொடுக்கின்றன. புகைப்படத்தில் பந்தய எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. தகட்டை யாரும் மாற்றலாம். பார்க்க வேண்டியது தொட்டியின் சொட்டை, புகைபோக்கிக் குழாயின் வளைவு, கையால் செய்து ஒட்டிய பிராக்கெட். படத்திலும் வண்டியிலும் அதே இடத்தில் அதே காயம் இருந்தால் வழக்கு முடிந்தது.

எல்லா வண்டிக்கும் ஒரே அளவுகோல் உதவாது. இங்கிலாந்தின் ரிக்மன் சகோதரர்கள் செய்த ‘மெட்டீஸ்’ வண்டியின் பெயருக்கே கலப்பினம் என்றுதான் பொருள். நிக்கல் முலாம் பூசிய ஃபிரேமை அவர்கள் கொடுப்பார்கள். டிரயம்ப், மேட்ச்லெஸ் என்று எஞ்சினை வாங்கியவர் பொருத்திக்கொள்வார். அங்கே எண் பொருந்தவில்லை என்று குறை சொல்வது அறியாமை. ஜப்பானியத் தொழிற்சாலை அணிகளின் கதை நேரெதிர். கைவேலையாகச் செய்த விசேஷ வண்டிகள் பலவற்றைப் பருவம் முடிந்ததும் அவர்களே நசுக்கி அழித்தார்கள். 1986 முதல் அமெரிக்க மோட்டோகிராஸ் பந்தயங்களில் கடையில் விற்கும் வண்டியின் அடிப்படையில்தான் ஓட வேண்டும் என்று விதி வந்தது. ஆகவே ‘தொழிற்சாலை அணியின் வண்டி’ என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி: நசுங்காமல் எப்படித் தப்பித்தது?

பளபளப்பின் விலை

இவ்வளவு சாட்சிகளையும் ஒரே வாரத்தில் அழிக்க ஒரு வழி உண்டு. வண்டியைப் பிரித்து, மணல் அடித்துத் துருவை நீக்கி, பற்றுகளை ராவி, துளைகளை அடைத்து, புதுப் பெயின்ட் அடிப்பது. கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, ஆசையே போதும். கோல்ட் ஸ்டாரின் பெரும்பாலான பாகங்கள் இன்று புதிதாகவே கிடைக்கின்றன. மொத்தமும் மாற்றிய பிறகு ஷோரூமில் நிற்பது போல நிற்கும். எங்கே ஓடியது என்று சொல்ல அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

‘அசல் வடிவம்’ என்ற வார்த்தை இந்தியச் சட்டத்திலும் நுழைந்துவிட்டது. 2021-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அசல் வடிவில் பராமரிக்கப்பட்டு, பெரிய மாற்றங்களுக்கு ஆளாகாத வண்டியே விண்டேஜ் வாகனம். சாலை வண்டிக்கு இது சரியான இலக்கணம். முதல் பதிவே இல்லாத, மாற்றங்களே வாழ்க்கையான மோட்டோகிராஸ் பைக் இதற்குள் அடங்காது. அதற்கு அசல் வடிவம் என்பது தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் வடிவமா, கடைசிப் பந்தயம் முடிந்த நாளின் வடிவமா?

நிபுணர்களில் பலர் இரண்டாவதின் பக்கம் சாய்கிறார்கள். அதனால்தான் பழைய கொட்டகையில் இப்படியொரு வண்டி கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது கழுவுவதல்ல, படம் எடுப்பது. இரண்டாவது, அதை ஓட்டியவரோ பழுது பார்த்தவரோ உயிரோடு இருந்தால் போய்க் கேட்டு எழுதி வாங்குவது. 1955-ல் இருபது வயதில் ஸ்கிராம்பிள் ஓட்டியவருக்கு இன்று தொண்ணூறு. பேரேடு இன்னும் நூறு வருடம் காத்திருக்கும். அவர் காத்திருக்க மாட்டார்.