விடை மட்டும் போதுமா?



ஐந்தாம் செமஸ்டரில் நான் கொடுத்த புராஜெக்ட் ரிப்போர்ட் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "விடை சரி. வழி எங்கே?" நூல் சுற்றும் இயந்திரத்துக்கான மோட்டார் கணக்கு அது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது, ஸ்லிப் 4 சதவீதம் என்று எழுதியிருந்தேன். நடுவில் வருவதையெல்லாம் மனசுக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தறியில் இருந்தபடியே அப்பா கேட்டார்: "ஏம்மா, விடை சரியா இருந்தா போதாதா?"

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனாலும் அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதிலைத் தேடிப் போனபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிலேட்டில் அழிந்த வழி

கணிதமேதை ராமானுஜனுக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது! 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தவர். அவருடைய அம்மாவின் அப்பா காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தார். அதனால் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொஞ்ச காலம் நம் காஞ்சிபுரத்தில்தான் படித்தார். அவருடைய அப்பா கும்பகோணத்தில் துணிக்கடைக் குமாஸ்தா. பெரிய இடத்துப் பிள்ளை இல்லை.

பதினாறு வயது வாக்கில் கார் என்பவர் எழுதிய ஒரு கணித நூல் அவர் கையில் கிடைத்தது. அதில் ஏறக்குறைய 5000 முடிவுகள் வரிசையாக இருக்கும். அவை எப்படி வந்தன என்ற விளக்கம் மிகக் குறைவு. ராமானுஜன் கற்றுக்கொண்ட எழுத்து நடையும் அதுவே ஆகிவிட்டது. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். வழி சிலேட்டோடு போயிற்று.

1911-இல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அது சுலபமாக வரவில்லை. சொல்வது புரியவில்லை, தெளிவில்லை என்று பதிப்பாசிரியர் நாராயண ஐயங்கார் பலமுறை திருத்தி வாங்கினார். மேதைக்கே ரிப்போர்ட் திரும்பி வந்திருக்கிறது என்று படித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பாதி வருத்தம் போய்விட்டது.

"நிரூபணம் எங்கே?"

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். ஹார்டி அசந்து போனார். ஆனாலும் பதில் கடிதத்தில் அவர் கேட்டது நிரூபணத்தைத்தான்.

ராமானுஜன் உடனே வழியைக் காட்டவில்லை. 1+2+3+4 என்று முடிவில்லாமல் போகும் வரிசைக்குத் தன்னுடைய முறைப்படி மைனஸ் 1/12 வருகிறது, இதை விளக்காமல் சொன்னால் பைத்தியம் என்பீர்கள் என்ற பொருளில் எழுதினார். யோசித்துப் பாருங்கள். அந்த முடிவுக்கு உண்மையான அர்த்தம் இருக்கிறது. ஆனால் சாதாரணக் கூட்டலில் அப்படி வராது. எந்த அர்த்தத்தில் வருகிறது என்று சொல்லாவிட்டால் சரியான விஷயமும் உளறலாகத்தான் தெரியும்.

அதே 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ. தேர்வில்கூடத் தேறாதவருக்கு! ஒரு நிபந்தனை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவராக அவருடைய எழுத்துப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிட்டது.

கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர்

1914 மார்ச்சில் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது, நிரூபணம் என்றால் என்ன என்பது. ஹார்டிக்கு இதில் ஒரு பயமும் இருந்தது. ரொம்பக் கண்டிப்பாகத் திருத்தினால் இவருடைய தன்னம்பிக்கை உடைந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார்.

பலன் 1915-இல் தெரிந்தது. அறுபது பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அதன் பொருளை நாமும் புரிந்துகொள்ளலாம். 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்களால் மீதியில்லாமல் வகுக்கலாம். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியதுதான் அந்தக் கட்டுரை. 24, 60, 120 எல்லாம் அந்த வகை. எங்கள் தறியில் உள்ள ஜக்கார்டு பெட்டிக்கு 240 கொக்கி. 240-ம் அந்த வரிசையில் வருகிற எண்தான்! அதற்கு 20 வகுத்திகள்.

இந்த ஆராய்ச்சிக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழியிலான பி.ஏ. பட்டம் கொடுத்தது. முனைவர் பட்டம் அங்கே அப்போது இன்னும் வரவில்லை. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920-இல் 32 வயதில் காலமானார்.

வழி எழுதாமல் விட்ட அந்தப் பழைய நோட்டுகள் என்ன ஆயின? அவற்றில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு நிரூபணம் தேடிப் பலர் உழைத்தார்கள். அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் அதை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடித்தது 1998-இல். ஒருவர் எழுதாமல் விட்டதைப் பலர் சேர்ந்து பல பத்தாண்டுகள் எழுத வேண்டியதாயிற்று. அதுவாவது நடந்தது. எங்கள் தாத்தா ஒரு புட்டா டிசைனைக் கிராப் தாளில் போடாமல் மனசிலேயே வைத்திருந்தார். அவர் போனதோடு அதுவும் போச்சு.

இன்றைய முனைவர் பட்டம்

பி.எச்டி. என்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பாதிதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள்படி குறைந்தது 3 ஆண்டுகள். பாடப் படிப்பும் அதில் அடங்கும். ஆராய்ச்சி முறைகளையும், கட்டுரை வெளியிடும்போது காக்க வேண்டிய நேர்மையையும் அப்போது கற்கிறார்கள்.

முதலில் அந்தத் துறையில் மற்றவர்கள் செய்து முடித்ததைப் படிக்க வேண்டும். சோதனையை அன்றன்றைக்கு நோட்டில் எழுத வேண்டும். தப்பாகப் போன சோதனையையும் எழுத வேண்டும். பிறகு கட்டுரை. அதை அதே துறை தெரிந்தவர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். திருத்தி அனுப்ப வேண்டும். செமினாரில் நின்று பேச வேண்டும். கடைசியில் ஆய்வேடு, வைவா.

இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? லேப் ரெக்கார்டு, செமினார், புராஜெக்ட், வைவா என்று நாம் செய்வதும் அதுதான், அளவில் சிறியது. டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, மேலே மேலே படித்து அங்கே போகவும் வழி இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

1. ரீடிங்கை எடுத்த உடனே எழுதுங்கள். பக்கத்து பெஞ்சு ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் கை வலிதான் மிச்சம்.
2. எண்ணோடு அலகையும், அந்த எண் வந்த படியையும் சேர்த்து எழுதுங்கள்.
3. எழுதியதை அந்தப் பாடம் தெரியாத ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவதை நான் செய்து பார்த்தேன். திருத்தி எழுதிய ரிப்போர்ட்டை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரியான வேகம் 1500, ஓடுற வேகம் 1440, வித்தியாசம் 60. அறுபதை ஆயிரத்து ஐநூறால வகுத்தா நூத்துக்கு 4." அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்த 1500 எங்கிருந்தும்மா வந்துச்சு?"

அதைத்தான் மறுபடியும் விட்டிருந்தேன்! 120-ஐ 50 ஹெர்ட்ஸால் பெருக்கி, மோட்டாரின் 4 துருவங்களால் வகுத்தால் 1500. அந்த வரியை எழுதிச் சேர்த்தேன். ரிப்போர்ட் இந்த முறை திரும்பி வரவில்லை.

அப்பா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. "போதாதுப்பா. நான் எப்படிப் போனேன்னு இன்னொருத்தர் நடந்து பார்க்கணும். அப்பத்தான் அது அவங்களுக்கும் சொந்தம்."

நண்பர்களே, நாமும் வழியை எழுதுவோம்.