சின்னச் சக்கரம், பெரிய பொறுப்பு!

சந்தாபுரா சந்திப்பில் காலை ஷிப்டுக்குப் பஸ் ஏறுகிறவர்களில் டர்னர், ஃபிட்டர் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர். பக்கத்தில் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். ஒரு புஷ், ஒரு பின், ஒரு வாஷர் எதுவானாலும், வரைபடத்தைக் கையில் கொடுத்தால் போதும், கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

அதே மாதிரி ஒரு புஷ் பழைய சிறு விமானங்களின் வாலிலும் இருக்கிறது. தேய்ந்து போனால் அதையும் இப்படியே கடைந்து போட்டுவிடலாமா?

வாலில் எதற்குச் சக்கரம்?

இன்றைய சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூக்கின் அடியில் சக்கரம் உண்டு. அந்தக் கால விமானங்களுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள். வாலடியில் ஒரு சின்னச் சக்கரம்.

பெங்களூரில் 1940-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, டாக்டர் வி.எம். காட்கேயின் தலைமையில் எச்.டி.-2 என்ற பயிற்சி விமானத்தை வடிவமைத்தது. அது 1951 ஆகஸ்ட் 5-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. 1958 செப்டம்பர் 28-ந் தேதி 'புஷ்பக்' பறந்தது. 90 குதிரை சக்தி எஞ்சின். இருவர் அருகருகே அமரலாம். பறக்கும் கழகங்களில் எத்தனையோ மாணவர்கள் அதில் பழகினார்கள். இரண்டுமே வால் சக்கர விமானங்கள்.

தேய்ந்தால் என்ன ஆகும்?

இவ்வகை விமானத்தின் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே, தரையில் ஓடும்போது வால் ஒரு பக்கம் விலகினால் தானாக நேராகாது. மேலும் விலகவே பார்க்கும். அடக்கத் தவறினால் விமானம் சுழன்று திரும்பி, இறக்கை நுனி தரையில் மோதும்.

அடக்குவது விமானியின் கால்கள். சுக்கான் மிதியின் இழுப்பு, சிறு ஸ்பிரிங்குகள் வழியாக வால் சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தச் சக்கரம் ஒரு சுழலச்சில் நிற்கிறது. அச்சைச் சுற்றி புஷ். மேலே விமானத்தின் எடையைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்.

ஓடுதளத்துத் தூசி கிரீஸில் கலந்தால் அதுவே உப்புத்தாள் போல் தேய்க்கும். புஷ்ஷின் வட்டத் துளை நீள்வட்டமாகும். ஸ்பிரிங் வளைவு இழந்து தட்டையாகும். அதனால் சுழலச்சின் சாய்வு மாறும். பிறகு, தொழிற்சாலை டிராலியின் ஒற்றைச் சக்கரம் படபடவென்று ஆடுவதைப் போல வால் சக்கரம் நடுங்கும். அந்த நடுக்கம் போல்ட்டுகளைத் தளர்த்தும். உலோகத்தில் விரிசலையும் உண்டாக்கும்.

மாற்றும் முறை

முன் சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுத்து, வாலைத் தூக்கித் தாங்கியின்மேல் நிறுத்துவார்கள். சக்கரத் தொகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்து, அச்சையும் புஷ்ஷையும் மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் உண்டா என்று பார்ப்பார்கள். அளவு தாண்டியவை போகும்; புதியவை வரும். கழற்றிய ஸ்பிலிட் பின்னை மறுபடி மாட்டுவதில்லை. கடைசியில் சுக்கான் இருபுறமும் தடையின்றித் திரும்புகிறதா என்று சோதித்து, விமானத்தை மெதுவாகத் தரையில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

அளவு மட்டும் போதாது

சிக்கல் பாகத்தில்தான். இந்த விமானங்களின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. சந்தாபுரா லேத்தில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதானே என்று தோன்றும். அளவும் கச்சிதமாக வரும்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாதவை சில உண்டு. அந்த உலோகம் எந்தக் கலவை? பின்னுக்குச் சரியான பதம் ஏற்றப்பட்டதா? கடினம் குறைந்தால் சீக்கிரம் தேயும்; மிஞ்சினால் பட்டென்று உடையும். இவற்றுக்கெல்லாம் காகிதத்தில் பதில் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பாகத்தைப் பொருத்தி, பதிவேட்டில் எழுதி, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே விமானம் பறக்கலாம். இதைக் கண்காணிப்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

இது டர்னரின் கைத்திறனைக் குறைத்துச் சொல்வதல்ல. லாரியில் ஒரு புஷ் போனால் ஓரமாக நிறுத்தி ஆள் அனுப்பலாம். வேகமாகத் தரை இறங்கும் விமானத்தில் நிறுத்திப் பார்க்க நேரமில்லை. உள்ளே இருப்பவன் பயிற்சி மாணவனாகவும் இருக்கலாம். அவன் நம்பி ஏறுவது, முன்பின் பார்த்திராத ஒரு தொழிலாளியின் வேலையையும் அதற்குச் சாட்சி சொல்லும் கையெழுத்தையும்தான்.

பழைய விமான நிலையச் சாலையில், 2001-ல் திறக்கப்பட்ட எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் எச்.டி.-2 விமானம் நிற்கிறது. ஓய்வு நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இறக்கையையும் எஞ்சினையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். பின்பக்கம் போய்க் குனிந்து அந்தச் சின்னச் சக்கரத்தையும் காட்டுங்கள். அப்பா தினமும் கடைகிற பொருளின் அருமை பிள்ளைகளுக்கு அங்கே புரியும்.